சுவரோர மேசை



போன வாரம் படிப்பு வட்டத்துக்கு ஒரு மாணவத் தோழர் தடிமனான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். முழுக்கப் பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களின் படங்கள். காரிலிருந்து இறங்குகிறார்கள், விருந்தில் சிரிக்கிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். "இதையெல்லாம் நாம எதுக்குப் பாக்கணும் தோழர்?" என்று கேட்டார் இன்னொருவர். நியாயமான கேள்விதான். ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும் என்கிறேன் நான்.

1939 டிசம்பர் 15. அட்லாண்டா நகரில் 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சி. அமெரிக்கத் தெற்கின் அடிமை முறையைப் பொற்காலமாகக் காட்டிய படம் அது. திரையரங்கின் முகப்பையே பண்ணையார் மாளிகைபோல வெள்ளைத் தூண்கள் வைத்து ஜோடித்திருந்தார்கள். கிளார்க் கேபிள் வருகிறார், விவியன் லீ வருகிறார். தெருவெல்லாம் ஜனக்கூட்டம். படங்களைப் பார்த்தால் ஊரே திருவிழாவாகத் தெரிகிறது.

அந்தப் படங்களில் ஒரு முகத்தைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. படத்தில் மம்மி என்ற அடிமைப் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலின் முகம் அது. ஜார்ஜியா மாநிலத்தில் அப்போது நிறப் பாகுபாடே சட்டம். அவருடைய நடிப்பு திரையில் ஓடலாம், அவர் மட்டும் அந்த அரங்கில் சமமாக உட்காரக் கூடாது! எப்படி இருக்கு பாருங்க நியாயம்.

முதல் நாள் இரவு மேட்டுக்குடி வெள்ளைப் பெண்களின் சங்கம் ஒரு நடன விருந்து நடத்தியது. அங்கே கறுப்பர்கள் இருந்தார்கள். எதற்கு? பாடுவதற்கு. எபனேசர் தேவாலயப் பாடகர் குழுவுக்கு அடிமைகளின் உடையை மாட்டி, பண்ணை மாளிகை செட்டுக்கு முன்னால் நிறுத்திப் பாட வைத்தார்கள். அதில் ஒரு 10 வயதுப் பையனும் நின்றான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சல்ஸ், அம்பாசடர் ஹோட்டல். அதே மம்மி வேடத்துக்காக ஹாட்டிக்குச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பர் அவர்தான். கூந்தலில் வெள்ளைப் பூ, கையில் பரிசு, முகமெல்லாம் சிரிப்பு. இந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியிருக்கிறது. படம் காட்டாததைக் கேளுங்கள். கறுப்பர்களை உள்ளே விடுவதில்லை என்பது அந்த ஹோட்டலின் வழக்கம். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் சிபாரிசு பிடித்த பிறகே ஹாட்டியை உள்ளே விட்டார்கள். படக்குழு ஒரு மேசையில். ஹாட்டிக்குச் சுவரோரமாகத் தனியாக ஒரு சின்ன மேசை. அங்கிருந்து எழுந்து நடந்துபோய்ப் பரிசு வாங்கி, திரும்பவும் அங்கேயே வந்து உட்கார்ந்தார். தனிமேசை என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"வாழ்நாள் பூரா வேலைக்காரி வேசம்தானே போட்டார், அவரைப் போய்க் கொண்டாடுவதா?" என்று நம் வட்டத்திலும் ஒரு குரல் எழுந்தது. அன்றைக்கே கறுப்பர் உரிமை இயக்கத்தின் வால்டர் வைட் இந்த வேடங்களைக் கடுமையாகச் சாடினார். அவர் சாடியதில் நியாயம் இருந்தது. ஆனால் ஹாட்டி அடிமைகளாய்ப் பிறந்த தாய் தகப்பனுக்குப் பிறந்தவர், நிஜத்திலும் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். வேறு வேடம் எழுதித்தராத ஸ்டுடியோ முதலாளிகளை விட்டுவிட்டு, கிடைத்த வேடத்தில் உயிரைக் கொடுத்து நடித்தவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

1952இல் ஹாட்டி இறந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கறுப்பர் என்று சொல்லி அங்கே இடம் தர மறுத்துவிட்டார்கள். 1999இல்தான் அங்கே ஒரு நினைவுக்கல் நட்டார்கள். ஹோவார்டு பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற பரிசும் எங்கோ தொலைந்துபோனது. மாற்றுப் பரிசு வந்து சேர்ந்தது 2023இல்.

இப்போது கடைசிப் படம். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன். லிங்கன் நினைவிடத்தில் மார்லன் பிராண்டோ, சிட்னி பாய்ட்டியர், ஹாரி பெலஃபாண்டே, சார்ல்டன் ஹெஸ்டன். இங்கே முதல் காட்சி எதுவும் கிடையாது. வேலையும் உரிமையும் கேட்டுத் திரண்ட சுமார் 2,50,000 மக்கள் நடுவே நட்சத்திரங்களும் வந்து நிற்கிறார்கள். அன்று மேடையில் முழங்கியவர் மார்ட்டின் லூதர் கிங். 1939இல் அடிமை உடையில் பாடிய அந்தப் 10 வயதுப் பையன் அவர்தான்.

24 வருசத்தில் படம் இப்படி மாறியது. கேமராக்காரர்கள் மனம் திருந்தியதால் மாறவில்லை, தெருவில் இறங்கிய மக்கள் மாற்றினார்கள். அந்த மேடையிலும் குறை உண்டு. போராட்டத்தைத் தோளில் சுமந்த பெண்களில் ஒருவருக்குக்கூட முதன்மை உரை தரப்படவில்லை. அவர்களுக்கும் ஒரு சுவரோர மேசைதான் கிடைத்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், பழைய படங்களைப் பாருங்கள். யார் இருக்கிறார்கள் என்று பார்த்தபின், யார் இல்லை என்று கேளுங்கள். கையோடு நம் கூட்டங்களின் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் யார்? சமையல் கொட்டகையில் யார்? அடுத்த படிப்பு வட்டத்தில் அதைத்தான் பேசப்போகிறோம். வாருங்கள்.