உர மூட்டைக்குள்ள என்ன இருக்கு? எழுதிட்டு வியாபாரம் பண்ணுங்க!

சோழபுரம், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தோழர்களே! மாடித்தோட்டம் போடுற அக்கா, தங்கச்சிகளே! ஒரு நிமிஷம் படிங்க.

செப்டிக் டேங்க் நிறைஞ்சா லாரி வருது, உறிஞ்சிட்டுப் போகுது. அந்தக் கசடு எங்க போகுது? தமிழ்நாடு அரசின் 2014 வழிகாட்டுதல்படி சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகணும். கண்ட ஓடையில கொட்டக் கூடாது.

சுத்திகரிச்சுக் காயவெச்ச கசடை உரமாக்க முடியும். பெங்களூரு பக்கம் தேவனஹள்ளியில் 2015-ல் நிலையம் வந்தது. அங்கே கசடை ஊர்க் குப்பையோடு சேர்த்து மக்கவைத்து உரமாக்கினார்கள். 2017-ல் மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நாளைக்கு நம்ம பக்கமும் வரும். வரணும்! மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே போகட்டும்.

நம்ம சண்டை உரத்தோட இல்ல. மறைச்சு விக்கிறதோட.

ஏன்னா இது மாட்டுச் சாணம் இல்ல. குடல்புழு முட்டை மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். அதைக் கொல்ல குவியல் முழுக்க 55 டிகிரி சூடு ஏறணும். குவிச்சு மக்க வைக்கிறதா இருந்தா 15 நாள் அந்தச் சூடு நிக்கணும், 5 தடவை புரட்டணும்னு அமெரிக்க விதி சொல்லுது. ஒரு கிராமுக்கு ஒரு முட்டைகூட இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2006-லயே சொல்லிடுச்சு. பச்சையா கடிக்கிற முள்ளங்கிக்கும் கொத்தமல்லிக்கும் இந்த உரத்தைப் போடுறவங்களுக்கு இது தெரிய வேண்டாமா?

புழு சூட்டுல சாகும். ஈயம் சாகுமா? குப்பை உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985. நம்ம பகுதி பஞ்சாலையும் பேண்டேஜ் துணியும் ஓடுற பகுதி. பட்டறைக் கழிவும் வீட்டுக் கசடும் ஒரே தொட்டியில் விழுந்தா என்ன ஆகும்? 'ஆர்கானிக்'னு பச்சை இலை படம் போட்டா ஈயம் பயந்து ஓடிடுமா?

சான்பிரான்சிஸ்கோ மாநகராட்சி இதே 'ஆர்கானிக்' பேருல கசடு உரத்தை இலவசமா கொடுத்தது. விஷயம் தெரிஞ்சதும் 2010-ல் மக்கள் அதை மாநகராட்சி வாசல்லயே கொண்டுபோய்க் கொட்டினாங்க! அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மக்கவே மக்காத ரசாயனம் கசடு வழியா வயலுக்கும் பாலுக்கும் வந்தது. 2022-ல் கசடு போடுறதையே தடை பண்ணிட்டாங்க. பணக்கார நாடே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. நாம ஏன் படணும்?

நமது கோரிக்கை மூன்றே மூன்று:

✊ கசடு கலந்த உரம்னா மூட்டையில தமிழ்ல, பெரிய எழுத்துல போடு. எதுக்குப் போடலாம், எதுக்குக் கூடாதுன்னும் எழுது.

✊ ஒவ்வொரு தடவை உரம் தயாராகும்போதும் புழு முட்டை, உலோகச் சோதனை நடத்து. முடிவை உள்ளாட்சி அலுவலக வாசலில் ஒட்டு.

✊ ஆலைக் கழிவை வீட்டுக் கசடோட கலக்காதே. உரம் கிளறும் தொழிலாளிக்குக் கையுறை, பூட்ஸ், மருத்துவப் பரிசோதனை கொடு.

இதுக்கு கோடிக்கணக்குல பணம் வேண்டாம். நேர்மை இருந்தா போதும். காசு கொடுத்து வாங்குறவனுக்கு உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்குற உரிமை இருக்கு.

தோழர்களே, நிலையம் வந்த பிறகு கத்துறதைவிட இப்பவே கேட்போம். அடுத்த கிராம சபையில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுத வையுங்க. நகராட்சியில் இருக்கவங்க வார்டு உறுப்பினர்கிட்ட மனு கொடுங்க. மாடித்தோட்டக் குழுக்களுக்கெல்லாம் பகிருங்க!

– தகவல் தொழில்நுட்ப அணி

#மூட்டையில்_எழுது #சோழபுரம் #இராஜபாளையம் #ஸ்ரீவில்லிபுத்தூர்