கொள்ளுத் தாத்தா பேர் என்ன?



ஒரு சின்னக் கேள்வி. உங்கள் அப்பா பெயர் தெரியும். தாத்தா பெயரும் தெரியும். தாத்தாவுடைய அப்பா பெயர் தெரியுமா? சரி, அதுவும் தெரியும் என்றே வைத்துக் கொள்வோம். ஆயாவுடைய அம்மா பெயர்?

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டேன். கொள்ளுத் தாத்தா பெயரை இரண்டு மூன்று பேர் யோசித்துச் சொன்னார்கள். ஆயாவின் அம்மா பெயர் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. "அடப் போடா, அது தெரிஞ்சா இன்னா, தெரியலைன்னா இன்னா? கேம்பஸ் இன்டர்வியூல கேக்கப் போறானா?" என்றான் ஒரு நண்பன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தப் பெயர்கள் தெரியாததால் எங்கள் வீட்டில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மண்ணாடிப்பட்டில் எங்களுக்கு இருப்பது ஒன்றேகால் காணி நிலம். உழுவது நாங்கள், வரி கட்டுவது நாங்கள். ஆனால் காகிதத்தில் இருப்பது கொள்ளுத் தாத்தா பெயர். அவருடைய பிள்ளைகள் வாய்ப்பேச்சாகவே பாகம் பிரித்துக் கொண்டார்கள். "அண்ணன் தம்பிக்குள்ள காயிதம் எதுக்கு?" என்ற காலம் அது. தங்கை படிப்புக்குக் கடன் வாங்கலாம் என்று அப்பா போனபோதுதான் விஷயம் புரிந்தது. கொள்ளுத் தாத்தாவின் இறப்புச் சான்று வேண்டும், அதற்கப்புறம் வாரிசுச் சான்று வேண்டும், அதற்கும் அப்புறம்தான் பெயர் மாற்றம்.

அவர் எப்போது இறந்தார்? பெரியப்பா 1968 என்றார். அத்தை, "இல்ல இல்ல, 77ல புயல் அடிச்சுதே, அப்போ" என்றார். பத்து வருஷப் பதிவேட்டை எந்த அலுவலகத்தில் யார் உட்கார்ந்து புரட்டுவது? அப்பா மூன்று மாதம் அலைந்தார்.

கடைசியில் கணக்கைத் தீர்த்து வைத்தது எங்கள் ஆயா. யாரும் கேட்காததால் அதுவரை அவரும் சொல்லவில்லை. நான்தான் ஒரு ராத்திரி கேட்டேன். "என் மாமனாரா? உங்கப்பன் என் வயித்துல அஞ்சு மாசம்டா. அடமழை. கொள்ளி வெக்கக் காஞ்ச வெறவு இல்ல" என்றார். அப்பாவின் சாதகத்தை எடுத்துப் பார்த்தேன். பிரமாதீச வருஷம், பங்குனி மாசம். அதாவது 1974 மார்ச் - ஏப்ரல். பங்குனி பத்தாம் மாசம் என்றால் ஐந்தாம் மாசம் ஐப்பசி. அப்படியானால் 1973 அக்டோபர், நவம்பர். அந்த இரண்டு மாதத்தை மட்டும் பார்க்கச் சொல்லி மனுப் போட்டோம். கிடைத்து விட்டது! பத்து வருஷம் தேட வேண்டியதை இரண்டு மாதமாகச் சுருக்கியது எது? கம்ப்யூட்டர் இல்லை நண்பர்களே, பள்ளிக்கூடம் போகாத ஒரு கிழவியின் ஞாபகம்!

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகவே பிடித்துக் கொண்டது. குடும்ப வரலாறு என்பது ராஜாக்களுக்கும் ஜமீன்களுக்கும் மட்டும் உரியது அல்ல. காணி நிலம் உள்ளவனுக்கும், அதுவும் இல்லாதவனுக்கும் அது தேவை. இதுதான் என் தாழ்மையான கருத்து.

*ஒரே எழுத்தில் போன தாத்தா*

நமக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக் கொள்கிறோம். தாத்தா பெயர் அப்பாவுக்கு ஒரு எழுத்தாக இருந்தது. நம்மிடம் வரும்போது அந்த ஒரு எழுத்தும் போய் விட்டது. இரண்டே தலைமுறையில் ஒரு மனிதர் காகிதத்திலிருந்தே காணாமல் போகிறார்!

இதை வேறொரு ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஜனங்கள் கப்பல் ஏறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்கள். ரீயூனியன் தீவுக்கும், அதைத் தாண்டி 1853ல் மார்த்தினிக், 1854ல் குவாதலூப் தீவுகளுக்கும் போனார்கள். குவாதலூப்பில் 1863ல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். அங்குள்ள இந்தியர் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904ல் போராட்டம் தொடங்கி, 1923ல் வென்று காட்டினார். அவர் பெயரில் உள்ள 'சிதம்பரம்' இனிஷியல் அல்ல, முழுசான குடும்பப் பெயர். கப்பல் ஏறியவரின் சொந்தப் பெயரே பேரன், கொள்ளுப் பேரன் எல்லாருக்கும் குடும்பப் பெயராக நின்று விட்டது. அந்தத் தீவுகளில் ராமசாமி, வீராசாமி என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் உண்டு. தமிழ் பேச மறந்தவர்கள்கூடப் பாட்டன் பெயரைத் தாங்கி நிற்கிறார்கள். அந்தப் பெயரைப் பிடித்துக் கொண்டு பாட்டன் ஊரைத் தேடி இங்கே வருகிறவர்களும் உண்டு. ஊரிலேயே இருக்கிற நாம்தான் பெயரைத் தொலைத்து விட்டோம். இது நியாயமா?

*எங்கே தேடுவது?*

"சரிப்பா, ஒத்துக்கறோம். எங்க போய்த் தேடறது?" என்று கேட்பீர்கள். ஹரித்துவாரில் பண்டாக்கள் என்று இருக்கிறார்கள். வடநாட்டுக் குடும்பங்களின் பரம்பரையை நீளமான ஏடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வைக்கிறார்கள். நம் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு பண்டா இல்லை. நாம்தான் நமக்குப் பண்டா! விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் வழியையும், நானே கெட்டுத் தெரிந்து கொண்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

முதல் வழி, நம்மிலிருந்து பின்னால் போவது. சர்வே வகுப்பில் தெரிந்த புள்ளியிலிருந்துதானே தெரியாத புள்ளிக்குப் போகிறோம்? அதே கதைதான். பெரிய வம்சத்தில் ஆரம்பித்து நம்மிடம் இறங்கி வரக் கூடாது. நான், அப்பா - அம்மா, தாத்தா - ஆயா என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு படி உறுதியாகாமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது.

இரண்டாவது, பெரியவர்களைக் கேட்பது. இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். காகிதம் காத்திருக்கும், ஆள் காத்திருக்க மாட்டார். ஆனால் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "எது நடந்தப்போ?" என்று கேளுங்கள். எங்கள் ஆயாவின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி 01-01-1950. நம் ஊரில் பாதிக் கிழவர்களுக்கு ஜனவரி ஒண்ணுதானே பிறந்த நாள்! ஆனால் ஆயா சொல்வது வேறு: "கீழூர்ல ஓட்டுப் போட்டாங்களே, அப்போ எனக்கு முன்பல்லு விழுந்து ஊரே கேலி பண்ணுச்சு." கீழூரில் 1954 அக்டோபர் 18ந் தேதி 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். முன்பல் விழுவது ஆறு, ஏழு வயதில். ஆக ஆயா பிறந்தது 1947 அல்லது 48. ஆதாரைவிட அந்தப் பல் நிஜம் பேசுகிறது!

மூன்றாவது, வீட்டுப் பெட்டி. சாதகம், பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, பள்ளிச் சான்று, போட்டோவின் முதுகில் எழுதியது எல்லாமே ஆவணம்தான். தமிழ் வருஷப் பெயரில் மட்டும் ஜாக்கிரதை. 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 'ஜய வருஷம்' என்றிருந்தால் அது 1954ஆகவும் இருக்கலாம், 1894ஆகவும் இருக்கலாம். இன்னொரு குழப்பம், பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே! ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் இது தாத்தாவா, பேரனா என்று பார்க்காமல் எழுதக் கூடாது.

நான்காவது, அரசுப் பதிவேடு. கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு இறப்புப் பதிவு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகல், கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோவிலில் ஞானஸ்நானப் பதிவேடு. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவில் பெற்றோர் பெயர், வயது, தொழில், ஊர், சாட்சிகள் வரை எழுதியிருப்பார்கள். ஆனால் பெயர் அவர்கள் எழுத்துக்கூட்டலில் இருக்கும். 'உ' என்ற ஒலிக்கு 'ஓ', 'யு' என்று இரண்டு ஆங்கில எழுத்து போடுவார்கள். கடைசியில் ஒலிக்காத 'இ' ஒன்றும் ஒட்டிக் கொள்ளும். கொள்ளுத் தாத்தா இறந்தது 1973ல் என்றாலும், பழைய பழக்கத்தில் அவர் பெயரும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. முதலில் எங்கள் கண்ணிலேயே படவில்லை! ஒரே பெயரை நாலு விதமாக எழுதி வைத்துக் கொண்டு தேடுங்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு ஊரும் வெள்ளைக்காரன் ஊரும் வரப்புக்கு வரப்பு கலந்து கிடந்த இடம் இது. பெண் எடுத்தது ஒரு அரசாங்கத்தில், வாழ்ந்தது இன்னொரு அரசாங்கத்தில்! அந்தப் பக்கத்து ஊர்ப் பதிவுகளைப் பழைய தென்னார்க்காடு ஜில்லாவில், அதாவது இன்றைய விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தேட வேண்டும்.

ஐந்தாவது, ஆவணக் காப்பகம். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? நாம் தினமும் பஸ்ஸில் தொங்கிக் கொண்டு வருகிற இதே லாஸ்பேட்டையில்! பிரெஞ்சு அரசின் கடல்கடந்த நாடுகளுக்கான காப்பகம் பிரான்சில் எக்ஸ் - ஆன் - புரோவான்ஸ் நகரில் இருக்கிறது. அவர்கள் வைத்துள்ள பழைய பதிவேடுகளில் ஒரு பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். சொல்தாவாகப் போனவர், சைகோன் போனவர் என்று உங்கள் வீட்டில் கதை இருந்தால் இந்த வழியை விடாதீர்கள்.

கடைசியாக ஒரு விதி. எதை எழுதினாலும் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று பக்கத்தில் குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். நமக்குப் பிடித்ததை மட்டும் எழுதினால் அது வரலாறு அல்ல, விளம்பரம்!

*எதைத் தேடக் கூடாது?*

வம்ச வரலாறு என்றதுமே சிலர் மீசையை முறுக்கிக் கொண்டு, "நாங்க ஆண்ட பரம்பரை" என்று கிளம்பி விடுகிறார்கள். நண்பர்களே, நம் கொம்யூனில் திருபுவனையில் சோழர் காலக் கோயில் இருக்கிறது. அங்கே 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. நமக்கு ஆயிரம் வருஷம் முந்தி நம் ஊர்ப் பக்கத்திலேயே காலேஜ்! பெருமைதான். ஆனால் அந்தக் கல்லில் என் பாட்டன் பெயரைத் தேடினால் கிடைக்குமா? என் பாட்டன் பெரும்பாலும் வெளியே சேற்றில் நின்றிருப்பான். அந்த 272 பேருக்கும் சோறு போட்டவன் அவன். அதுவே எனக்குப் போதும். கிரீடம் தேடிப் போனால் பொய்தான் கிடைக்கும். ஏர் தேடிப் போனால் உண்மை கிடைக்கும். இன்னொருவனைக் கீழே தள்ளுவதற்காக எழுதுகிற வம்சாவளி குப்பைக்குத்தான் லாயக்கு.

அதே போலப் பெண்களை விட்டு விட்டு எழுதுகிற வம்சாவளியும் அரைகுறைதான். எங்கள் வாரிசுப் பட்டியலைத் தயாரித்தபோது ஆண்கள் பெயர் கடகடவென்று வந்தது. பெண்கள் எல்லாம் "இன்னார் சம்சாரம்", "அந்த ஊர்க்காரி". கல்யாணமாகி வந்த அன்றே பெயர் போய், ஊர் பெயராகி விட்டது!

அன்று ராத்திரி ஆயாவிடம் கடைசியாகக் கேட்டேன்: "ஆயா, ஒங்கம்மா பேரு இன்னா?"

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கம்மா பேரை இந்த ஊட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லடா" என்றார். சொன்னார். இன்னொரு தடவை சொன்னார். நான் நோட்டில் எழுதினேன். "எழுதிட்டியா? சரியா எழுதினியா? படி பாக்கலாம்" என்றார். படித்துக் காட்டினேன். அறுபது வருஷத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் உழைத்த அந்த மனுஷி தன் அம்மா பெயர் அந்த வீட்டில் ஒலித்ததைக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆகவே நண்பர்களே, நம் யூனியனுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுவதோடு இதையும் சேர்த்துக் கொள்வோம். முகாம் போடும் ஊரில் வயதானவர்களைப் பார்த்து, அவர்கள் சம்மதித்தால் செல்போனில் பேச்சைப் பதிவு செய்து, அழகாக எழுதி அந்தந்த வீட்டுக்கே ஒரு பிரதி கொடுப்போம். அதற்கு முன் செமஸ்டர் லீவில் ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவோம். அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை, ஆண் பெண் அத்தனை பேரையும் எழுதுவோம்.

நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். எங்கள் தாத்தாவிடம் நான் அப்படித்தான் தள்ளிப் போட்டேன். கேட்க நினைத்த கேள்விகள் இன்னும் என்னிடமே இருக்கின்றன. பதில் சொல்ல அவர் இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள்: "ஆயா, ஒங்கம்மா பேரு இன்னா?"

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்,
மண்ணாடிப்பட்டு