அலையாத்திக்கு வேலி வேண்டாம், வாய்க்கால் வேண்டும்

கடலோரக் காடுகளைப் பற்றிய பேச்சில் ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் வலை வீசியும் கரையோர மக்கள்தாம் அலையாத்திக் காடுகளை அழித்தார்கள்; அவர்களை விலக்கி, வேலி போட்டு, லட்சக்கணக்கில் கன்று நட்டால் காடு திரும்பிவிடும் என்பதே அது. ஒன்றிய அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த 'மிஷ்டி' திட்டம், ஐந்து ஆண்டுகளில் சுமார் 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்திகளை வளர்க்க இலக்கு வைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய வேலை அந்தக் கருத்தை நம்பி நடந்தால் பணம் கரையும், காடு வராது. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் நமக்குக் கற்பித்திருக்கும் பாடம் வேறு. ஆகவே அந்தக் கருத்தைக் கூறு கூறாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. "காட்டை அழித்தவர்கள் உள்ளூர் மக்கள்"

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இருக்கும் பிச்சாவரத்தின் வரலாறு இதை மறுக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே வருமானத்துக்காக மரம் வெட்டியது அரசுதான். காட்டைக் 'கூப்பு' எனப்படும் வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து, ஒரு மரம் விடாமல் வெட்டினார்கள். நிழல் இழந்த சேற்று நிலம் வெயிலில் காய்ந்தது. ஈரம் வற்றியதும் மண் அமிழ்ந்து பள்ளமாயிற்று. ஓதத்தில் ஏறிய கடல்நீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி ஆவியானது. உப்பு மட்டும் தங்கியது. உப்பைத் தாங்குவதில் பெயர் பெற்ற வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம்கூட அந்த மண்ணில் தானாக முளைக்க முடியவில்லை.

முத்துப்பேட்டையில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. அது காவிரியின் கடைமடை. மேலே அணைகளும் பாசனமும் பெருகப் பெருக, கழிமுகத்துக்கு வந்து சேரும் நன்னீர் குறைந்தது. இன்று அங்கே பெரும்பகுதியும் வெண்கண்டலாகவே இருப்பதற்கு இந்த உவர்ப்பு முக்கியக் காரணம். விறகுச் சுமையும் மேய்ச்சலும் சேதம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிலத்தின் அமைப்பையே கெடுத்தது கூப்பு வெட்டு. அந்தப் பழியைக் கரையோர ஏழைகளின் தலையில் ஏற்றுவது அநியாயம்.

2. "கன்று கூடினால் காடு கூடும்"

2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் ஆர்வத்தோடு அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன. அந்த முயற்சிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, 23 இடங்களைப் பார்த்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் 200 ஹெக்டேர் அளவுக்கே தேறியது. பிலிப்பைன்ஸிலும் இதே கதைதான். நடுவதற்கு எளிது என்று சுரபுன்னை இனக் கன்றுகளைக் கடல் பக்கச் சேற்றுத் திட்டுகளிலும் கடற்புல் வெளிகளிலும் நட்டார்கள். நாளெல்லாம் நீர் நிற்கும் இடத்தில் அலையாத்தி வாழாது. கன்றும் போயிற்று, கடற்புல்லும் பாழாயிற்று.

அலையாத்திக்கு ஓதநீர் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். நிலத்தின் மட்டமும் உவர்ப்பும் சரியாக இருந்தால், பக்கத்தில் தாய்மரங்கள் உள்ள இடத்தில் விதைகள் நீரோடு வந்து தாமே ஊன்றிக்கொள்ளும். அவை சரியில்லாத இடத்தில் எத்தனை லட்சம் நட்டாலும் அது கணக்கேட்டில்தான் வளரும்.

3. "இது நிபுணர் வேலை, மக்கள் கூலிக்கு வந்தால் போதும்"

1990களில் தமிழ்நாடு வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் பிச்சாவரத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவே ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் அவற்றின் வழியே ஏறி இறங்கியதும் மண்ணின் உப்பு தணிந்தது. வாய்க்கால் சரிவுகளில் நட்ட வெண்கண்டல் தழைத்தது. இதில் அறிவியலின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை.

ஆனால் வெட்டிய வாய்க்கால் தூர்ந்துபோகும். ஓதம் வண்டலைக் கொண்டுவந்து போட்டபடியே இருக்கும். தூர் வாராமல் விட்டால் நீரோட்டம் நின்று நிலம் பழையபடி உப்பளமாகும். எந்த வாய் அடைபட்டது, எந்தப் பக்கம் நீர் வடியவில்லை என்பதை அன்றாடம் காண்பவர் யார்? தோணியில் அந்த வழியே போய்வருபவர்தான். முத்துப்பேட்டை மீனவர்கள் அலையாத்திப் பகுதியில் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பதைத் தொழிலாகவே வைத்திருப்பவர்கள். நீரின் போக்கை அறிந்த அவர்களைக் குழி தோண்டும் கூலியாளாக மட்டும் கருதுவது அறிவுக்கே இழப்பு. வாய்க்கால் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் வேண்டும்.

4. "உள்ளே விட்டால் சுரண்டுவார்கள்"

பிச்சாவரத்து ஓடைகளில் இருளர்கள் நீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். காடு கெட்டால் முதலில் காலியாவது அவர்களுடைய கூடை. இறால் குஞ்சும் நண்டும் வேர்களுக்கு இடையே வளர்வதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த மக்களைச் சேர்த்துக்கொண்டதன் பலனையும் பார்த்தாயிற்று. ஊர்தோறும் குழு அமைத்து, வனத்துறையும் மக்களும் கூடித் திட்டமிட்டுக் காட்டைப் பேணினார்கள். 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தில் அலையாத்திப் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மாடு மேய்ந்தால் இளங்கன்று போய்விடும் என்பது உண்மை. அதற்குத் தீர்வு, எங்கே எப்போது மேய்க்கலாம் என்று ஊரே கூடி விதி செய்வது. அடுப்புக்கு மாற்று எரிபொருளும் பிழைப்புக்கு மாற்று வழியும் தராமல் தடை மட்டும் போட்டால் இரவில் வெட்டு நடக்கும்.

சட்டமும் மக்கள் பக்கம்தான் நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழ்வோருக்கு நீர்நிலைகளின் மீன் வளத்திலும் மேய்ச்சலிலும் சமூக உரிமை தருகிறது. காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையையும் ஏற்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. நடும் ஆண்டுக்கு மட்டும் பணம் ஒதுக்காமல், ஆண்டுதோறும் தூர் வாரவும் ஒதுக்குங்கள். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஐந்தாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணி அந்தக் கணக்கைக் கிராம சபையில் வையுங்கள். எந்தக் கழிமுகத்திலும் முதல் கன்றை நடுவதற்கு முன்னால், அங்கே தோணி ஓட்டுபவர்களையும் இறால் தடவுபவர்களையும் அழைத்து உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் இல்லாமல் தொடங்கும் அலையாத்தித் திட்டம் தோல்வியில் முடியும் வாய்ப்பே அதிகம்.