குப்பையும் இல்லை, புதையலும் இல்லை

மனிதனின் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் புரதம் செய்யச் சொல்லும் பகுதி 2 சதவீதம்கூட இல்லை! மிச்சத்தில் பெரும்பகுதி குப்பை என்று 1972-ல் சுசுமு ஓனோ எழுதினார். 2012-ல் என்கோட் திட்டக்காரர்கள் 80 சதவீதத்துக்கு ஏதோ ஒரு செயல்பாடு இருக்கிறது என்றார்கள். உடனே "குப்பை டி.என்.ஏ. ஒழிந்தது" என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. எது சரி?

சண்டையின் நடுவில் நிற்பவை, புரதம் எதுவும் செய்யாத நீளமான ஆர்.என்.ஏ.க்கள். 200 எழுத்துக்கு மேல் இருந்தால் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள்.

இவற்றில் நட்சத்திரம் என்றால் 1991-ல் கண்டுபிடிக்கப்பட்ட எக்ஸிஸ்ட். பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றைப் போர்த்தி வாயடைத்து விடுகிறது. கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத்திட்டாக இருக்கும் பெண் பூனையைப் பார்த்திருப்பீர்களே, அது இதன் கைவேலைதான். இதன் பூர்வீகம் இன்னும் சுவாரசியம். கோழியில் இன்றும் புரதம் செய்யும் ஒரு மரபணு, நம் முன்னோரிடம் கெட்டுப்போனது. அதன் துண்டுகளோடு தாவும் மரபணுக்களும் ஒட்டிக்கொண்டு எக்ஸிஸ்ட் ஆனது. கங்காரு வகையறாவில் இதே வேலையைச் செய்வது சம்பந்தமே இல்லாத வேறொரு ஆர்.என்.ஏ.! ஆக, குப்பையிலிருந்தும் கோபுரம் எழும்.

ஆனால் எல்லாக் குப்பையும் கோபுரமா? மாலட்1 என்ற ஆர்.என்.ஏ. செல்களில் கொட்டிக் கிடக்கிறது. 2012-ல் அதை எலிகளிடமிருந்து நீக்கிப் பார்த்தார்கள். எலிகள் பாட்டுக்கு நன்றாகவே வாழ்ந்தன. வெங்காயத்தின் டி.என்.ஏ. மனிதனுடையதைப் போல் ஐந்து மடங்கு. அத்தனைக்கும் வேலை இருக்கிறது என்றால் யார் நம்புவது?

கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு பதிவாகியிருக்கிறது என்பதாலேயே அது லாபம் தந்தது என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். புரியாத பதிவைக் கிழித்துப் போடவும் மாட்டார். ரசீது எங்கே என்று கேட்பார். இங்கே ரசீது என்பது, நீக்கிப் பார்த்தால் என்ன ஆகிறது என்ற சோதனை.

இது வெறும் பட்டிமன்றம் அல்ல. சேஸர் என்ற ஆர்.என்.ஏ. மரபணுவின் ஒரு பகுதி அழிந்துபோனதால் மூன்று குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்பட்டது 2024-ல் வெளிவந்தது. புரதப் பகுதியை மட்டும் படிக்கும் பரிசோதனையில் இந்தக் கோளாறு சிக்காது. "எல்லாம் குப்பை" என்று ஒதுக்கினால் இப்படிப்பட்ட பெற்றோருக்குக் காரணமே கிடைக்காது. "எல்லாம் புதையல்" என்றாலோ, எந்த மாற்றத்தைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் டாக்டர் விழிப்பார்.

ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. மெதுவான வழிதான், என்ன செய்வது!