பூனை ஏன் சொறிகிறது?



சென்ற மாதம் என் மாணவி ஒருத்தி அழுத கண்ணோடு பள்ளிக்கு வந்தாள். அவள் வளர்க்கும் பூனைக்குச் சொறியாம். அப்பா அதைச் சாக்கில் கட்டிச் செம்பனைக் காட்டில் விடப் போகிறாராம்.

மாலையில் லயத்திற்குச் சென்றேன். "வாத்தியாரே, பிள்ளைக்கும் ஒட்டிக்கிட்டா என்ன செய்யிறது?" என்றார் அப்பா. நியாயமான அச்சந்தான். ஆனால், சொறிக்குக் காரணம் பல உண்டு.

பூனையின் வாலடியில் முடி உதிர்ந்திருந்தது. ஈரமான வெள்ளைக் காகிதத்தின் மேல் நிறுத்திச் சீப்பால் வாரினேன். விழுந்த கரும்பொடி செம்பழுப்பாகக் கரைந்தது. அது மண்ணன்று, இரத்தம் குடித்த தெள்ளுப்பூச்சியின் எச்சம். தெள்ளின் எச்சில் ஒவ்வாத பூனைக்குச் சில கடிகளே போதும், ஓயாமல் சொறியும்.

நீங்களும் இடம் பார்த்து அறியலாம். காதுக்குள் காப்பித்தூள் போன்ற அழுக்கிருந்தால், பெரும்பாலும் காதுச் சிற்றுண்ணி. காதோரத்திலும் முகத்திலும் தடித்த பொருக்கு என்றால் சிரங்காகலாம். வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாகலாம். இது பிள்ளைகளுக்கும் ஒட்டும். தலையையும் கழுத்தையுமே சொறிந்தால் உணவு ஒவ்வாமையும் காரணமாகலாம்.

மூக்கிலோ பாதத்திலோ ஆறாத புண் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஸ்போரோட்ரிகோசிஸ் என்னும் பூஞ்சை நோய் நம் நாட்டுப் பூனைகளிடம் உண்டு. கீறலால் மனிதருக்கும் பரவும். கீறல் பட்ட கையில் வரிசையாகக் கட்டிகள் எழும்பினால், பூனை கீறியதை டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய், கற்பூரம் எதையும் பூனைமேல் பூசாதீர்கள். அது உடம்பை நக்கும். பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே பறித்துவிடும். கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவதையே போடுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் போடுங்கள். தெள்ளின் முட்டைகள் உதிர்ந்து தரையிலும் படுக்கையிலும் கிடக்கும். ஆகவே படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, வீட்டு மூலைகளைப் பல வாரங்கள் பெருக்க வேண்டும்.

தெள்ளு மனிதரைக் கடிக்கும், ஆனால் நம் உடம்பில் குடியிருக்காது என்றதும் அப்பாவின் முகம் தெளிந்தது. மறுநாளே பூனையை மருத்துவரிடம் கொண்டுபோனார். கட்டுவதற்கு எடுத்து வைத்த சாக்கை வெந்நீரில் அலசி, அதற்கே படுக்கையாகப் போட்டார். இப்போது முடி முளைக்கிறதாம்.

வாயில்லாச் சீவன் தன் நோயைச் சொல்லாது. விரட்டுமுன் ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.