சிவப்புக் கோட்டைப் பாருங்கள்!



ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை, மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வாரமாக உலக சுகாதார நிறுவனம் கடைப்பிடிக்கிறது. 'இது டாக்டர்கள் சமாசாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது.

ஆன்டிபயாடிக் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாக்டீரியாக்களைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து அது. 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற விஞ்ஞானி, ஒரு பூஞ்சையிலிருந்து பென்சிலினைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பெல்லாம் ஒரு சின்னக் காயம் சீழ் பிடித்தால்கூட உயிர் போய்விடுவது உண்டு. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1945-ல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார் பிளெமிங். அப்போது ஆற்றிய உரையிலேயே அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். மருந்தைப் போதாத அளவில், அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்றார்.

அதெப்படிப் பழகும்? எங்கள் கீழப்பழுவூர்ப் பக்கம் பருத்தி போடும் விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். காய்ப்புழுவுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், முதலில் புழு சாகும். ஆனால் அந்த மருந்தைத் தாங்கக்கூடிய ஒன்றிரண்டு புழுக்கள் தப்பிவிடும். அவற்றின் குஞ்சுகளும் அதே குணத்தோடு பிறக்கும். சில வருடம் போனால், காடு முழுக்க மருந்துக்குச் சாகாத புழுதான்! கிருமிகளும் அப்படியே. புழுவுக்கு ஒரு தலைமுறை என்பது வாரக்கணக்கு. சில பாக்டீரியாக்களோ இருபதே நிமிடத்தில் இரண்டாகப் பெருகிவிடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சளி, மூக்கு ஒழுகல், ஃப்ளூ காய்ச்சல் ஆகியவை வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. நம் உடம்பில் உள்ள பாக்டீரியாக்களுக்கு வீணாகப் பயிற்சி கொடுத்ததுதான் மிச்சம்!

இதன் விளைவு என்ன தெரியுமா? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை.

நம் நாடு சும்மா இருக்கவில்லை. 2012 ஆகஸ்டில் மருத்துவ நிபுணர்கள் சென்னையில் கூடி, ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். 'சென்னைப் பிரகடனம்' என்று அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல், பல ஆன்டிபயாடிக்குகள் உட்பட 46 மருந்துகளை யார் சீட்டு எழுதினார், யார் வாங்கினார் என்று மருந்துக் கடையில் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2016-ல் மத்திய அரசு 'சிவப்புக் கோடு' பிரசாரத்தைத் தொடங்கியது. மாத்திரை அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

எங்கள் மாவட்டத் தலைநகரான அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 பேர் அங்கே சேரலாம். 2019-ல் நாடெங்கும் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், ஆன்டிபயாடிக்கை அறிந்து, அளந்து கொடுப்பது ஒரு பாடமாகவே இருக்கிறது. சளிக்கு இது வேண்டாம் என்று அந்த அண்ணன்களும் அக்காக்களும் படித்துத் தேறிவிடுவார்கள். ஆனால் நாளை அவர்கள் டாக்டராக உட்காரும்போது எதிரே வருபவர், "நல்ல பவரான மாத்திரையா எழுதுங்க டாக்டர், நாளைக்கே சரியாகணும்" என்று பிடிவாதம் பிடித்தால்? எழுதாவிட்டால் வேறு டாக்டரிடம் போய்விட்டால்? படித்த பாடம் அங்கே தோற்றுப்போகும். அதைத் தோற்கவிடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்:

கடையில் போய் "காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கொடுங்க" என்று கேட்காதீர்கள். வீட்டில் அனுப்பினாலும், சிவப்புக் கோட்டின் கதையைச் சொல்லுங்கள். டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பயப்படாமல், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். 'சரியாகிவிட்டதே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மிஞ்சிய மாத்திரையை எடுத்துவைத்து அடுத்த முறை விழுங்குவதும், தம்பிக்குக் கொடுப்பதும் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தடுப்பூசிக்கு அழாமல் கை நீட்டுங்கள். நோயே வராவிட்டால் மருந்துக்கு என்ன வேலை?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இந்த அமிர்தம் அதைவிட மோசம். அளவுக்கு மிஞ்சினால், வேண்டிய நேரத்தில் அது வெறும் தண்ணீராகிவிடும். நம் தாத்தா பாட்டி காலத்தில் உயிர் காத்த மருந்து, உங்கள் பேரக் குழந்தைகளின் உயிரையும் காக்க வேண்டாமா?

இன்றைக்கே வீட்டில் உள்ள மாத்திரை டப்பாவைப் பெரியவர்களை வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட பழைய மாத்திரை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் நீங்களாகத் தொடாமல், அப்பா அம்மாவிடம் காட்டி இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.