மந்தையின் பட்டியலும் காணிக்கையின் பட்டியலும்



சென்ற வாரம் சபைக் கமிட்டியில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. காணிக்கைக் கணக்கைச் சீராக வைக்கக் கொடையாளர் மேலாண்மை மென்பொருள் ஒன்றை வாங்கலாம். சபையின் கைப்பேசியிலும் பழைய பதிவேடுகளிலும் உள்ள பெயர்களையும் எண்களையும் ஒரே எக்செல் கோப்பாக்கி அதில் ஏற்றிவிடலாம். ஓர் இரவில் வேலை முடிந்துவிடும். இதைச் சொன்ன வாலிபர்கள் சபையை நேசிப்பவர்கள். ஆயினும் இந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். அதன் காரணத்தை உங்கள் அனைவருக்கும் சொல்வது என் கடமை. ஏனெனில் அந்தப் பட்டியலில் இருப்பவை உங்கள் பெயர்கள்.

அந்தப் பட்டியல் எப்படி உண்டாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து சில பெயர்கள் வந்தன. விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் சில எண்களைத் தந்தார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயார், தம் மகன் மருத்துவமனையில் கிடந்த நாட்களில், இரவில் ஜெபிக்க அழைக்கும்படி ஓர் எண்ணை எழுதிக்கொடுத்துச் சென்றார். அவர்களில் ஒருவரும் கொடையாளராகத் தம்மை எழுதிக்கொள்ளவில்லை. கண்ணீரோடு கொடுத்த எண்ணைக் காணிக்கை கேட்கும் எண்ணாக மாற்ற நமக்கு யார் அதிகாரம் தந்தார்கள்?

கோப்பை ஏற்றும்போது நடப்பது வெறும் நகலெடுப்பு என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு பெயரும் அங்கே கொடையாளர் என்ற தலைப்பின்கீழ் போய் அமரும். பெயருக்குப் பக்கத்தில் தொகைக்கு ஒரு கட்டம், கடைசியாகக் கொடுத்த தேதிக்கு ஒரு கட்டம். ஒன்றும் கொடாதவருக்கு அந்தக் கட்டம் வெறுமையாய் நிற்கும். அந்த வெறுமையே அவரைப் பற்றிய செய்தியாகிவிடும். பிறகு பெருங்கொடையாளர், தொடர்ந்து கொடுப்பவர், கொடுப்பதை நிறுத்தியவர் என்று வகை பிரிக்கலாம்; வகைக்கு ஏற்றபடி நினைவூட்டல் செய்தியும் அனுப்பலாம். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு, மூன்று மாதமாக உங்கள் காணிக்கை வரவில்லை என்ற செய்தி ஒரு நாள் போகும். அதை அனுப்பியது இயந்திரம் என்று சொல்லி நாம் தப்பிக்க முடியுமா?

யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குக் காலடியும் காட்டும் சபையைக் கடிந்துகொள்கிறார். அந்தச் சபைக்காரர்கள் மோதிரத்தைக் கண்ணால் கண்டார்கள். நாமோ கண்ணுக்குத் தெரியாத மோதிரத்தையும் கண்டுபிடிக்கும் கருவியை விலை கொடுத்து வாங்கப் பார்க்கிறோம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரே நாளில் இரு வீடுகளுக்குச் செல்ல வேண்டியிருந்தபோது, எந்த வீட்டுக்கு முதலில் செல்வது என்பதைக் காணிக்கை நோட்டு என் மனதில் தீர்மானித்துவிட்டது. யாரும் அதை அறியவில்லை; கர்த்தர் அறிந்தார். ஒரு நோட்டுக்கே அசைந்த இருதயத்தை, எந்நேரமும் விரலடியில் விரியும் பட்டியலின் முன் நிறுத்த நான் அஞ்சுகிறேன்.

"அப்படியானால் கணக்கே வேண்டாமா, போதகரே? பவுல் கணக்கில் கவனமாக இருக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தார். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுசெல்வதில் ஒருவரும் குற்றம் காணாதபடி, தேவனுக்கு முன்பும் மனுஷருக்கு முன்பும் யோக்கியமாய் நடக்க அவர் கவலைப்பட்டதை 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனால் அவர் சோதனைக்கு உட்படுத்தியது பணத்தைக் கையாளுகிறவர்களை. கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் அவர் வரிசைப்படுத்தவில்லை. அவர் எழுதிய பெயர்ப்பட்டியல் ஒன்று ரோமர் 16-இல் இருக்கிறது: பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, மரியாள், பெர்சியாள். அவர்கள் பட்ட பிரயாசத்தையும் கொண்டிருந்த அன்பையும் எழுதினார். தொகைக்கு அங்கே கட்டம் இல்லை.

நம் சபைகளில் இது தலைகீழாகிவிட்டது. அறுப்பின் பண்டிகையில் கொடுத்தவரின் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகின்றன. செலவுக் கணக்கோ கமிட்டி அறையின் பீரோவில் பூட்டியிருக்கிறது. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டது கொடுக்கிறவனுக்கு. செலவழிக்கிறவனுக்கு அந்த மறைவை அவர் அருளவில்லை.

நம் மாவட்டத்தின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இங்கே பல வீடுகளில் குடும்பத்துக்கே ஒரு கைப்பேசி. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன மகனுடைய எண்ணையே தாயும் தருகிறாள். ஒரே எண் கொண்டவர்களை ஒரே ஆளாகச் சேர்க்க மென்பொருளுக்குச் சொன்னால், மாமியாரும் மருமகளும் ஒருவராகிவிடுவார்கள். நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. முதலெழுத்து மட்டுமே உண்டு. ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட இரண்டு விதவைகளின் காணிக்கை ஒருத்தியின் பெயரில் ஏறும். மற்றவள் கொடாதவள் ஆவாள். இரண்டு காசு போட்ட விதவையை ஆண்டவர் தப்பாமல் கண்டார். நம் கோப்பு காணாது. இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வீட்டாருக்குத் தெரியாமல் ஆராதனைக்கு வரும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். சபையின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி கணவனின் கைப்பேசிக்குப் போனால் அவர்களுக்கு என்ன நேரும்?

நாட்டின் சட்டமும் இதைக் குறித்துப் பேசத் தொடங்கிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. காகிதத்தில் வாங்கிய விவரத்தைப் பிறகு கணினியில் ஏற்றினாலும் இச்சட்டம் பொருந்தும். எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். விரும்பினால் அதைத் தமிழிலேயே வாசிக்க வழியிருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் எளிதாயிருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது. ஆகவே நாம் காகிதத்தை நீட்டிக் கையொப்பம் வாங்கினால் போதாது; வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

மென்பொருள் நிறுவனம் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. உலகெங்கும் தொண்டு நிறுவனங்களின் கொடையாளர் விவரங்களை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனமாகிய பிளாக்பாட், 2020-இல் இணையத் திருடர்களிடம் சிக்கியது. மீட்புத்தொகை கொடுத்த பின்பே அதை வெளியில் சொன்னது. வங்கிக் கணக்கு விவரங்கள் போகவில்லை என்று முதலில் சொல்லி, சில மாதங்களில் அவற்றிலும் சில போயின என்று ஒப்புக்கொண்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

ஆகையால் கமிட்டியின் முன் நான் வைப்பது இதுதான். மென்பொருள் வேண்டுமானால் வாங்குவோம். ஆனால் வெறும் பட்டியலோடு தொடங்குவோம். ரசீது வேண்டும் என்று தாமே கேட்கிறவர்களின் பெயர் மட்டும் அதில் ஏறட்டும். பிள்ளைகளின் பெயர் ஒன்றும் ஏறக்கூடாது. மேய்ப்புக்கான பட்டியல் தனியே இருக்கட்டும். இரண்டும் ஒருபோதும் சேரக்கூடாது. காணிக்கைத் தொகையைப் பொருளாளரும் தணிக்கை பார்ப்பவரும் அறிந்தால் போதும். எனக்கு அதைத் திறக்கும் கடவுச்சொல் வேண்டாம். இதற்காக ஏற்கெனவே தயாரித்த எக்செல் கோப்பு யார் கைப்பேசியில் இருந்தாலும் இன்றே அழிக்கப்படட்டும். வரவு செலவுக் கணக்கோ மாதந்தோறும் ஆலய வாசலில் ஒட்டப்படட்டும்.

நல்ல மேய்ப்பன் தம் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறார் என்று யோவான் 10-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. உரோமத்தின் எடையைக் கேட்டுவிட்டு அவர் கூப்பிடுவதில்லை. நூறில் ஒன்று காணாமற்போனபோது அவர் தேடிப்போனது ஆட்டுக்காகவே.

அந்தத் தாயாரின் எண் என்னிடம் இன்னும் இருக்கிறது. ஜெபிப்பதற்காகவே அழைப்பேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கைக் காக்க எனக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.